சிடுசிடு மேலாளரிடமிருந்து விலகும்போது கடைசிச் சம்பளத்தைக் கோட்டை விடாமல் இருக்க

ராஜினாமா கடிதத்தில் மனக்குறையைக் கொட்டாதீர்கள். என்னுடையது மூன்றே வரி: விலகுகிறேன், கடைசி வேலை நாள் இது, கிடைத்ததாகப் பதில் அனுப்புங்கள். கத்துகிற மேலாளரிடம் வாயால் மட்டும் சொன்னால், "சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்" என்று கதை மாறிவிடும். மின்னஞ்சலில் மனிதவளத் துறையையும் சேர்த்துவிடுங்கள்.

அதற்கு முன்பே சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், விடுப்புக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்த அன்றே லாகினை முடக்குகிறவர்கள் உண்டு. நிறுவனத்தின் கோப்புகளை மட்டும் தொட வேண்டாம். பழிபோட அது போதும்.

மடிக்கணினி, அடையாள அட்டை, சாவி எதை ஒப்படைத்தாலும் கையெழுத்து வாங்குங்கள். சார்ஜரைக் காணோம் என்று என் கணக்கில் ஒரு பிடித்தம் போட்டிருந்தார்கள். கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து அனுப்பினேன், அப்புறம் பேச்சே இல்லை.

கடைசிச் சம்பளக் கணக்கு வந்ததும் வேலை செய்த நாட்கள், மீதி விடுப்பு, நோட்டீஸ் காலப் பிடித்தம் (விலகுமுன் வேலை பார்க்க வேண்டிய நாட்கள் குறைந்தால் கழிப்பது) மூன்றையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். தகராறு பெரும்பாலும் இந்த நோட்டீஸ் பிடித்தத்தில்தான். "பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளில் பணம் வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். இழுத்தடித்தால் தொகையையும் கெடுவையும் குறித்து எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியவில்லையா, சரி, அதே கடிதங்களோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.