மின்சாரக் காருக்கு அப்டேட் வரும்போது நாம் செய்யும் தவறுகள்

2018 மே மாதம் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு டெஸ்லா மாடல் 3 காரின் பிரேக்கைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி பிடித்தது. சில நாட்களில் நிறுவனம் இணையம் வழியாக ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்பியது. அதே காரை மறுபடி சோதித்தார்கள், 133 அடியில் நின்றது. 19 அடி குறைந்துவிட்டது. ஒரு முழுக் காரின் நீளத்தைவிட அதிகம். எந்த மெக்கானிக்கும் அந்தக் காரைத் தொடவில்லை.

அந்த முறை நல்லதுதான் நடந்தது. ஆனால் பிரேக் தூரத்தைக் குறைக்க முடிகிற சாஃப்ட்வேர், தவறாக எழுதப்பட்டால் அதைக் கூட்டவும் செய்யும். அதனால்தான் அரசுகள் இதில் தலையிடுகின்றன. கார் வைத்திருப்பவர்களோ இன்னும் இதை போன் அப்டேட் மாதிரியே நினைக்கிறார்கள், பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, 'ஸ்கிரீனில் வந்துவிட்டது, அரசு பார்த்துத்தான் அனுப்பியிருக்கும்' என்ற நம்பிக்கை. அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் முன் ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. பாதுகாப்பு விதிகளுக்கு என் கார் பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே உறுதி கூறி விற்கிறார். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சா, குறை தெரிந்த பிறகுதான் உள்ளே வரும்.

ஐரோப்பாவில் வேறு கதை. அங்கே ஒரு ரக காருக்கு அரசு அமைப்பு வகை ஒப்புதல் கொடுத்த பிறகுதான் விற்க முடியும். ஒப்புதல் பெற்ற அம்சத்தை மாற்றுகிற அப்டேட் என்றால் அதே அமைப்பிடம் மறுபடி போக வேண்டும். 2020 ஜூனில் ஐ.நா.வின் வாகன விதிகளுக்கான மன்றம் ஏற்ற 156ஆம் விதி இதற்காகவே எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய ரகங்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். இந்த விதிக்கு அடிப்படையான 1958 ஐ.நா. உடன்பாட்டில் சீனா இல்லை, தனக்கென்று விதி வைத்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் அங்கே தொழில்துறை அமைச்சகமும் சந்தை ஒழுங்குமுறை அமைப்பும் சேர்ந்து அப்டேட்டுகள் மீதான பிடியை இன்னும் இறுக்கின.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எல்லா அப்டேட்டும் அரசு மேசைக்குப் போகிறது என்று நினைப்பது. பாட்டு ஆப், மேப் போன்றவற்றை மாற்றுவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு என்று ஒப்புதல் பெற்ற ஒன்றைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் ரீகால், அதாவது குறையுள்ள கார்களை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்வது. 'காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால்தான் ரீகால், இது வெறும் அப்டேட்' என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 2023 டிசம்பரில் ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதியில், ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று கண்காணிப்பதில் இருந்த குறைக்காக அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்கள் ரீகால் ஆயின. தீர்வு அப்டேட்தான். அதே ஆண்டு மே மாதம் சீனாவில் 11 லட்சம் கார்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகம் குறைக்கும் ரீஜெனரேடிவ் பிரேக்கிங் தொடர்பாக. அதற்கும் அப்டேட்தான்.

எனக்கு மறக்கவே முடியாதது 2024 ஜனவரியில் நடந்தது. பிரேக், பார்க், ஏபிஎஸ் எச்சரிக்கை எழுத்துகள் ஸ்கிரீனில் சிறியதாக இருந்ததற்காக அமெரிக்காவில் ஏறக்குறைய 22 லட்சம் டெஸ்லா கார்கள் ரீகால் ஆயின. விதிப்படி எழுத்து குறைந்தது 3.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு சிறிய கொத்தமல்லி விதையின் அளவு. இதற்கா இவ்வளவு என்று பலர் கேட்டார்கள். ஓடும் காரில் அரை நொடி கண்ணைத் திருப்பிப் படிக்க வேண்டிய எழுத்து அது. எனக்கு அந்த விதி முழுக்க நியாயமாகவே படுகிறது. ஆக, அப்டேட் குறிப்பில் ரீகால் என்ற சொல் இருந்தால் அதை 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள்.

இன்னொன்று, ஒப்புதல் வரும் என்ற செய்தியை ஒப்புதல் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது. 2025 நவம்பரில், தன் தானோட்ட வசதிக்கு 2026 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வாகன ஒப்புதல் அமைப்பான ஆர்டிடபிள்யூ ஒப்புதல் தர இருக்கிறது என்கிற தொனியில் டெஸ்லா அறிவித்தது. அந்த அமைப்புக்கு நன்றி சொல்லும்படி ரசிகர்களையும் தூண்டியது. ஆர்டிடபிள்யூ உடனே விளக்கம் கொடுத்தது: இருப்பது ஒரு கால அட்டவணை, அதற்குள் விதிகளுக்குப் பொருந்துவதை நிறுவனம் நிரூபித்துக் காட்ட வேண்டும், தயவுசெய்து எங்களுக்கு போன் செய்யாதீர்கள். வரப்போகிற வசதியை நம்பி இன்றைக்கே பணம் கட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் வசதி வேறு நாட்டில் ஏன் இல்லை என்று கோபப்படுவதிலும் பயனில்லை. ஐ.நா.வின் 79ஆம் விதி, காருக்கு வெளியே நின்றபடி அதை நகர்த்தும் வசதியை 6 மீட்டர் தூரத்துக்குள் கட்டிப்போட்டிருக்கிறது. பல நாடுகளில் தடை அதுதான்.

சரி, காரில் உட்கார்ந்திருக்கும்போது செய்யும் தவறு. என் நண்பர் ஒருவர் அதிகாலையில் ஏர்போர்ட் கிளம்பும் நேரத்தில் 'இன்ஸ்டால்' அழுத்திவிட்டார். இன்னும் 25 நிமிடம் என்று ஸ்கிரீனில் எண் ஓடுகிறது, கார் நகரவில்லை. பெட்டிகளை இறக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். 156ஆம் விதியின்படி அப்டேட்டுக்கு முன்பே எதற்காக, என்ன மாறும், எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை எது வேலை செய்யாது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். பேட்டரியில் போதுமான சார்ஜ் இருந்தால்தான் வேலை தொடங்க வேண்டும். பாதியில் நின்றால் பழைய நிலைக்கோ பாதுகாப்பான நிலைக்கோ கார் திரும்ப வேண்டும். அந்த விதி இல்லாத ஊரில் இவற்றை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு, குறிப்பைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

வெளியாட்களிடம் கொடுத்து, சாஃப்ட்வேரை மாற்றி மோட்டார் சக்தியைக் கூட்டும் வேலை வேண்டவே வேண்டாம். ஒப்புதல் பெற்ற சாஃப்ட்வேருக்கு ஐ.நா. விதிப்படி ஓர் அடையாள எண் உண்டு. மாற்றியமைத்த கார் அந்த ஒப்புதலுக்கு வெளியே போய்விடும். பழைய கார் வாங்கும்போதும் வெர்ஷன் எண்ணையும் நிலுவையில் உள்ள ரீகாலையும் கேளுங்கள்.

இந்தியா ஐ.நா.வின் அந்த 1958 உடன்பாட்டில் இல்லை, அதனால் ஐரோப்பிய ஒப்புதல் நம் காருக்குத் தானாகப் பொருந்தாது. இங்கே வகை ஒப்புதலுக்கான சோதனை புனேயில் உள்ள வாகன ஆய்வு அமைப்பான ஏஆர்ஏஐ, நம் ஒரகடத்தில் உள்ள மையம் போன்றவற்றில் நடக்கிறது. 156ஆம் விதியை ஒட்டி ஏஐஎஸ் 190 என்ற தரநிலையும் எழுதப்பட்டிருக்கிறது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 110ஏ பிரிவில் அரசுக்கு உண்டு. எனவே அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் வெர்ஷன் எண் தெரியும்படி ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மறுநாள் பிரேக் வேறு மாதிரி பிடிக்கிறது என்று புகார் கொடுக்கப் போனால், எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்றுதான் முதலில் கேட்பார்கள்.