ஆடிக்கொண்டே பாட: டான்ஸ்-பாப் மேடைக்குத் தயாராகும் முறை

ஸ்டுடியோவில் ஒரு வரியைப் பத்து முறை பாடி நன்றாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். மேடையில் 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 தாள அடி) வேகத்தில் ஆடியபடி அதே வரியை ஒரே மூச்சில் பாடியாக வேண்டும். ஆடும் உடம்பு வேகவேகமாக மூச்சிழுக்கும்; பாட்டுக்கோ மூச்சை மெல்ல விட வேண்டும். இந்த இழுபறியில் வரியின் கடைசிச் சொல் தேய்ந்துபோகும், நீட்டிப் பிடிக்கும் இடத்தில் சுருதி இறங்கும். குரலில்தான் குறை என்று ஓங்கிப் பாடினால் இருக்கிற காற்றும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

டான்ஸ் மாஸ்டரைப் பார்க்கும் முன்பே வேலை தொடங்குகிறது. பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, மூச்செடுக்கும் இடங்களில் சிவப்புக் கோடு போடுங்கள். ஸ்டெப் முடிவான பிறகு மூச்சுக்கு இடம் கேட்டால் கிடைக்காது. நீட்டிப் பாடும் இடத்தில் குதிக்கும் ஸ்டெப் வேண்டாம். தரையில் இறங்கும் அதிர்வு வயிற்றைத் தாக்கி சுரத்தை உடைக்கும். மூச்செடுக்கும் நொடியில் முன்னால் குனியவும் கூடாது, விலா விரியாது. கனமான ஆட்டமெல்லாம் குரல் இல்லாத இசைப்பகுதிக்குப் போகட்டும். 124 பிபிஎம்மில் 16 பார் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) என்றால் ஏறக்குறைய 31 நொடி. அதில் கடைசி இரண்டு பாரை, அதாவது சுமார் 4 நொடியை, உடன் ஆடுபவர்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் நில்லுங்கள். முழுதாக இரண்டு மூச்சு எடுக்கலாம். அடுத்து வரும் கோரஸின், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதியின், முதல் வரி அந்த 4 நொடியில் எடுக்கும் மூச்சை நம்பித்தான் இருக்கிறது.

பயிற்சிக்கு ட்ரெட்மில் போதும். கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், தோள் ஏறி கழுத்து இறுகும். முதல் வாரம் மணிக்கு 5.5 முதல் 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தபடி வரிகளைப் பேச மட்டும் செய்யுங்கள். அந்த வேகத்தில் பெரும்பாலானோருக்கு நிமிடத்துக்கு 120 அடி வாக்கில் விழும், பாட்டின் தாளத்துக்கு ஒட்டி வரும். இரண்டாம் வாரம் பாதிக் குரலில் பாட்டு. மூன்றாம் வாரம் இசைப்பகுதியில் மெல்லோட்டம், பாடும்போது நடை. நான்காம் வாரம் மூன்று பாட்டை நிறுத்தாமல். தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு சரி. பிறகு முழு நடனத்தோடு, கடைசியாக நிகழ்ச்சிக்கு அணியும் அதே உடை, அதே செருப்போடு. இடுப்பை இறுக்கும் உடையைத் தையற்காரர் எதிரிலேயே போட்டு ஒரு கோரஸ் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் போனில் பதிவுசெய்து, வரியின் முடிவுகளை மட்டும் கேளுங்கள். அங்கே காற்று போதாவிட்டால் ஸ்டெப்பைக் குறையுங்கள்.

பேக்கிங் டிராக்கில், அதாவது மேடையில் ஓடவிடும் முன்பதிவு இசையில், ஹார்மனியும் (துணைக் குரல்கள்) இரட்டைக் குரலும் (அதே வரியை மீண்டும் பாடி மேலே சேர்த்தது) இருக்கலாம். முதன்மைக் குரலை எடுத்துவிடுங்கள். அதையும் வைத்துக்கொண்டு வாயசைத்தால், முன்வரிசையில் போனோடு நிற்பவர்கள் அன்றிரவே அம்பலப்படுத்திவிடுவார்கள். ரெக்கார்டிங்கைவிட அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுவதில் வெட்கம் தேவையில்லை. ஆனால் அதை டிராக் தயாரிக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். முடிந்த டிராக்கை மொத்தமாக இறக்கினால் டிரம்ஸ் மந்தமாகிவிடும்.

சின்ன மேடைகளில் லேப்டாப்பின் இடப்பக்கச் சேனலில் கிளிக் (தாளம் காட்டும் டக் டக் ஒலி), வலப்பக்கத்தில் இசை என்று வைப்பது வழக்கம். கிளிக் உங்கள் காதுக்கும் டிரம்மருக்கும் மட்டும் போக வேண்டும். சவுண்ட் டெஸ்க்கில் யாராவது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அரங்கம் முழுக்க டக் டக் என்று கேட்கும். சவுண்ட் செக்கில் பாட்டின் மிக அமைதியான பகுதியை ஓடவிட்டு, அரங்கின் நடுவே நின்று கேளுங்கள்.

1979-ல் ஆங்கிலப் பாடகி கேட் புஷ்ஷின் சுற்றுப்பயணத்தில் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மைக் பொருத்தினார்கள், ஆடுவதற்குக் கை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. 1990-ல் அமெரிக்கப் பாடகி மடோனாவின் பிளாண்ட் ஆம்பிஷன் பயணத்துக்குப் பிறகு ஹெட்செட் மைக் டான்ஸ்-பாப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மைக்கின் தலை வாய்க்கு நேராக இருக்கக் கூடாது, மூச்சு இரைவது அப்படியே கேட்கும். உதட்டோரத்துக்குச் சற்று வெளியே வைத்து, கன்னத்திலும் பிடரியிலும் மெடிக்கல் டேப் ஒட்டுங்கள். டேப்புக்கு முன் வியர்வையைத் துடைத்து உலர விடுங்கள், இல்லையேல் முதல் பாட்டிலேயே கழன்றுவிடும். வியர்வை ஒயர் வழியாக இறங்கி, மைக்கின் ஒலியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியைக் கெடுக்கும். சவுண்ட்காரர்கள் மசகு இல்லாத ஆணுறையை அதன்மேல் மாட்டுவது இதற்குத்தான். சிரிக்காதீர்கள், பை வாங்கும் செலவு மிச்சம். நின்று பாடும் பாட்டுக்குக் கை மைக்கே மேல். இன்-இயரில் (பாடுபவர் காதுக்குள் மாட்டும் மானிட்டர்) ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கம் வேண்டாம், மற்ற காதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

பாட்டு வரிசையில், ஆட்டம் மிகுந்த இரண்டு பாட்டுக்கு அடுத்து நின்று பாடும் ஒன்றை வையுங்கள். 1958-ல் பிறந்த மடோனா 2024 மே மாதம் ரியோவின் கோபகபானா கடற்கரையில் செலிப்ரேஷன் பயணத்தை முடித்தார். அவரும் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கும் நிகழ்ச்சியைப் பல அங்கங்களாகப் பிரிப்பார்கள். உடை மாற்றும் இடைவெளி உண்மையில் மூச்சு வாங்கும் இடைவெளியும்கூட.

நிகழ்ச்சி முடிந்ததும் சட்டென்று உட்காராமல் சில நிமிடம் நடந்து, ஸ்ட்ராவில் மெல்ல ஹம் செய்து குரலை இறக்குங்கள். கூடத்தில் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி ரசிகர்களைச் சந்திப்பது பாட்டைவிடத் தொண்டையை அதிகம் கெடுக்கும். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது. வாயை மூடி எழுதிக் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகாவிட்டால், அடுத்த நிகழ்ச்சிக்குத் தேதி கொடுக்கும் முன் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள்.