முதல் பேய்ப்படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு இளம் இயக்குநர் தன் முதல் பேய்ப்படத்தின் விநியோக ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட அதே வரி. பேட்டரியை சார்ஜ் செய்யுங்கள், ஃபோகஸைப் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ரத்தத்துக்கு ஒரே சட்டை

முதல் டேக்கிலேயே நாயகியின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. ஆனால் கேமரா கோணம் சரியில்லை. மாற்றுச் சட்டை இல்லை. அலசிக் காயவைப்பதற்குள் இரண்டு மணி நேரம் போனது, அப்புறமும் காலரில் ரோஸ் நிறக் கறை. ரத்தம் படும் உடை ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று இருக்கட்டும்.

கதையை ஐந்து இடங்களில் வைப்பது

ஓரன் பெலி ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைத் தன் சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய ஒரு வாரத்தில், சுமார் 15,000 டாலரில் எடுத்தார். ஒரு வீடு போதும்.

பேயை முதல் பத்து நிமிடத்தில் காட்டுவது

வேண்டாம்.

செலவுக்கு வரம்பு இல்லாத ஒப்பந்தம்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நான் கையெழுத்துப் போட்ட அந்த வரி இதுதான்: ‘விளம்பரம் மற்றும் வெளியீட்டுச் செலவுகள் கழிக்கப்பட்ட பின் வரும் தொகையில் பாதி இயக்குநருக்கு.’ பாதி என்ற சொல்லைப் பார்த்து மகிழ்ந்துவிட்டேன். செலவு எவ்வளவு வரை போகலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வரும். வரவு கொஞ்சம் ஏறும், செலவு அதைவிட ஒரு படி மேலே ஏறும். போஸ்டர், திரைப்பட விழாப் பயணம், ‘இதர செலவுகள்’. படத்தை ஜனங்கள் பார்த்தார்கள், எனக்கு எழுதினார்கள்கூட. என் பங்கு மட்டும் கடைசி வரை பூஜ்யம். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையையும் நான் கேட்டு வாங்கவில்லை. பன்னிரண்டு வருடம் என்று போட்டிருந்ததால் படத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியவில்லை.

காகிதத்தில் கோட்டைவிட்டால் பெரிய வெற்றியும் கைநழுவும். 1968-ல் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வெளியானபோது, விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பு புதிய தலைப்பில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு கட்டாயம். அது இல்லாததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள், எடுத்தவர்களுக்குக் காசு வரவில்லை.

ஆகவே நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கழிக்கும் செலவுக்கு ஒரு உச்சத்தொகை, தணிக்கை உரிமை, குறைந்த வருடங்கள், கணக்கு அனுப்பாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும் என்ற பிரிவு. மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த இளைஞர் உச்சத்தொகையைக் கேட்டிருக்கிறார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஆளில்லாத அறையின் சத்தம்

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி, ஒரு நிமிடம் அதைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் வசனங்களுக்கு நடுவே ஒலியை வெட்டினால், பயமுறுத்த வேண்டிய அமைதி ஸ்பீக்கர் நின்றுபோனது போலக் கேட்கும்.

இரவல் இசை

எடிட்டிங்கில் தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். காது அதற்குப் பழகிவிடும், உரிமை வாங்கக் கையில் காசு இருக்காது.