மட்டக்குதிரையை வண்டிக்குப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகில் ஆளை ஏற்றிப் பழகிய குதிரை வண்டியையும் இழுத்துவிடும் என்று நினைப்பதே முதல் தவறு. பின்னால் வரும் தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன. சவாரியின்போது மிரளும் குதிரை, தன்னை மிரட்டிய பொருளை விட்டு விலகி ஓடும். சற்றுத் தூரம் போனதும் அச்சம் தணிந்து நின்றுவிடும். வண்டியில் பூட்டிய குதிரைக்கு அந்த வழி இல்லை. அது எதைக் கண்டு அஞ்சுகிறதோ அதுவே அதன் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. அது ஓடினால் வண்டியும் துரத்துகிறது, வேகம் கூட்டினால் சக்கரத்தின் ஓசையும் கூடுகிறது. அதனால் வண்டிக்கான பயிற்சி என்பது இழுக்கக் கற்றுக்கொடுப்பதைவிட, பின்னாலிருந்து வரும் ஓசைக்கும் அழுத்தத்திற்கும் அஞ்சாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதே ஆகும்.

கிராஞ்சித் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தபோது, இனி சிங்கப்பூரில் குதிரைகளுக்கு என்ன இடம் இருக்கிறது என்று பலரும் வருத்தத்தோடு கேட்டார்கள். பந்தயம் நின்றாலும் சவாரிப் பள்ளிகளும் லாயங்களும் இருக்கின்றன; அங்கே பிள்ளைகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளும் இருக்கின்றன. இந்தத் தீவுக்கு மட்டக்குதிரை வண்டி புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வாடகை வண்டிகளை இழுத்தவை சுமத்ராவிலிருந்து வந்த டெலி மட்டக்குதிரைகள். அவற்றைப் பராமரித்தவர்களில் பாவெயான் தீவினரும் இந்தியரும் இருந்தனர். இன்று நாம் பேசுவது பிழைப்புக்காக ஓட்டும் வண்டியைப் பற்றி அல்ல, லாயத்தின் வளாகத்திற்குள் ஓய்வு நேரத்தில் ஓட்டி மகிழும் சிறு இருசக்கர வண்டியைப் பற்றி. இதில் அவசரப்பட வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தால் நேர்ந்தவையே.

தோள்மேட்டில் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதிரையை மட்டக்குதிரை என்கிறோம். உருவம் சிறியது என்பதால் வயதையும் குறைத்து மதிப்பிட்டு, இரண்டு வயதுக் குட்டியிடம் வண்டியைக் காட்டுபவர்கள் உண்டு. அந்த வயதில் எலும்புகள் இன்னும் முதிரவில்லை. மூன்று வயது நிறையும் வரை கயிற்றில் நடப்பதும், நிற்பதும், உடம்பைத் தொடவிடுவதும் போதும். உண்மையான வேலை நான்கு வயதுக்குப் பிறகு இருக்கட்டும். வாயில் கடிவாளம் ஏறுவதற்கு முன் பற்களைக் கால்நடை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பல்வலியால் தலையை உதறும் குதிரையை முரட்டுக் குதிரை என்று முடிவுகட்டுவது அதற்குச் செய்யும் அநீதி.

சவாரியில் நம் கால்கள் குதிரையின் விலாவோடு பேசுகின்றன. வண்டியில் அந்தப் பேச்சு அறவே இல்லை. குரலும், வாரும், மெல்லத் தொடும் சாட்டையும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஆகவே குரல் கட்டளையை அரைகுறையாகப் பழக்குவது பெருந்தவறு. நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. ஒரே லாயத்தில் காலையில் வருபவர் "நில்" என்கிறார், மதியம் வருபவர் "ஸ்டாப்" என்கிறார், மாலையில் வருபவர் "பெர்ஹெந்தி" என்கிறார். மூவரும் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். குதிரைக்கோ மூன்று வெவ்வேறு ஓசைகளில் எதற்குக் கட்டுப்படுவது என்று தெரிவதில்லை. மொழி எதுவாக இருந்தாலும் தவறில்லை, ஆனால் எல்லாரும் ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்ல வேண்டும். "நட", "நில்" இரண்டும் ஒரே மெய்யொலியில் தொடங்குவதால் நான் அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவதில்லை. புறப்படுவதற்கு நாக்கைச் சொடுக்கும் ஒலியும், நிற்பதற்குத் தாழ்ந்த குரலில் நீட்டிச் சொல்லும் "ஹோ"வும் போதும். அவற்றைச் சுண்ணாம்பால் எழுதி லாயக் கதவில் வைத்திருக்கிறோம்.

கட்டளைகளிலும் நிற்கும் கட்டளைதான் தலையாயது. புறப்படாத குதிரையால் எவருக்கும் கேடு வராது. நிற்கத் தெரியாத குதிரையால் வரும். யாரும் கயிற்றைப் பிடிக்காமல், கடிவாளம் பூட்டிய நிலையில், இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் அமைதியாக நிற்காத குதிரையை வண்டியின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. இந்தப் பாடம் பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும். அதனாலேயே பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

அடுத்து வருவது, படிகளைத் தாண்டிச் செல்லும் தவறு. நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டுவது, பிறகு இரண்டு நீள வார்களைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் நடந்து செல்வது, பிறகு ஒரு பொருளைப் பின்னால் இழுக்கும் இழுவை, பிறகு ஏர்க்கால் (வண்டியிலிருந்து குதிரையின் இரு பக்கமும் முன்னோக்கி நீளும் கழிகள்), கடைசியில் வண்டி என்பதுதான் வரிசை. ஒவ்வொரு படியும் குதிரைக்குச் சலித்துப்போகும் அளவுக்குப் பழகிய பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும். நீள வாரில் நடத்தும் படியைச் சிலர் நான்கே நாளில் முடித்துவிடுகிறார்கள். நான் ஆறு வாரமாவது எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆறு வாரத்தில் குதிரை வளாகத்தின் ஒவ்வொரு வடிகால் மூடியையும், குப்பைத் தொட்டியையும், நீர்க்குழாயையும் கண்டு கடந்திருக்கும்.

இழுவையைப் பழக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் டயரை எடுத்துக்கொண்டு, அதில் கட்டிய கயிற்றைக் குதிரையின் வாரோடு முடிச்சிடாமல் தம் கையிலேயே பிடித்துக்கொண்டு அதன் பக்கவாட்டில் நடந்தார். டயர் மணலில் உரசும் ஓசை கேட்டதும் குதிரையின் காதுகள் இரண்டும் பின்னால் திரும்பின, வால் ஒட்டிக்கொண்டது, பின்னங்கால்கள் குறுகின. அவர் உடனே கயிற்றை நழுவவிட்டார். டயர் அங்கேயே கிடந்தது, குதிரை மட்டும் நடந்தது. "தம்பி, சத்தம் அது கூடவே வரணும்னு கட்டாயம் இல்லைன்னு முதல்ல அதுக்குத் தெரியணும்" என்றார். அன்று அதை ஏழு முறை செய்தார். எட்டாவது முறை ஒரு காது மட்டும் திரும்பியது, வால் தளர்ந்து ஆடியது. அத்தோடு அன்றைய பாடத்தை முடித்துக்கொண்டார். கயிற்றை முதல் நாளே வாரில் முடிந்துவிடுவதும், குதிரை தேறிவிட்டது என்று மகிழ்ந்து இன்னும் பத்துச் சுற்று ஓட்டுவதும் அந்த உழைப்பைப் பாழாக்கும்.

ஏர்க்காலுக்கு வரும்போது இன்னொன்றை மறந்துவிடுகிறோம். சுதந்திரமாகத் திரும்பும் குதிரை உடம்பை வளைத்துத் திரும்புகிறது. இரு பக்கமும் ஏர்க்கால் இருக்கும்போது அப்படி வளைய முடியாது. கால்களைக் குறுக்கே எடுத்துவைத்துத்தான் திரும்ப வேண்டும், அப்போது ஏர்க்கால் விலாவையும் தோளையும் தொடும். இதை வண்டியில் பூட்டிய பிறகு முதன்முதலாக உணரும் குதிரை, யாரோ தன்னைப் பிடித்துவிட்டதாகவே எண்ணும். இரண்டு மூங்கில் கழிகளை இரு பக்கமும் இருவர் பிடித்துக்கொண்டு, அவற்றால் மெல்லத் தொட்டபடி திருப்பங்களைப் பழக்கினால் போதும். செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

சேணப் பொருள்களில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்புப் பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும் அளவுக்கு உயரத்திலும் இருக்கக் கூடாது, தோள்முனையின் அசைவைத் தடுக்கும் அளவுக்குத் தாழவும் கூடாது. வண்டி இறக்கத்தில் உருளும்போது அதைத் தாங்கி நிறுத்துவது பின்தொடைப் பட்டை. அது தாழ்ந்து தொங்கினால் குதிரையின் கால்களை வாரிவிடும், இறுகினால் ஒவ்வோர் அடியிலும் தடுக்கும். நிற்கும்போது அதற்கும் தொடைக்கும் இடையே ஒரு கையின் அகலம் இருப்பது நல்லது. நமது ஈரக் காற்றில் தோல் சேணம் இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு நிம்மதி அடையாமல், கொக்கி வளையும் இடத்தையும் தையலையும் விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் வார் அறுவது எப்போதும் அங்கேதான். வண்டி சமநிலையில் இருக்கிறதா என்பதை, ஆள்கள் ஏறிய பிறகு ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே அறியலாம்; அது எளிதாக மேலெழும்ப வேண்டும். ஏர்க்கால் கனமாக இருந்தால் குதிரையின் முதுகு நோகும், பின்பக்கம் சாய்ந்தால் வயிற்றுப் பட்டை மேலே இழுத்து அழுத்தும்.

இனி, எந்த நிலையிலும் மன்னிக்க முடியாத தவறு. வண்டியில் பூட்டியிருக்கும் குதிரையின் தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாயத்தில் இது என் கண்முன்னே நடந்தது. வெயிலில் வேலை முடித்து வந்த குதிரைக்கு வியர்வை வழிந்துகொண்டிருந்தது. இரக்கப்பட்ட ஓர் இளைஞர், அது முதலில் தண்ணீர் குடிக்கட்டும் என்று, இழுவை வார்களை அவிழ்ப்பதற்கு முன்பே தலைப்பட்டையைக் கழற்றினார். பக்கத்தையும் பின்னாலும் பார்க்கவிடாமல் தடுக்கும் கண்மறைப்போடு சேர்ந்து கடிவாளமும் கையோடு வந்துவிட்டது. குதிரை தலையைத் திருப்பியது. அதுவரை கேட்டு மட்டும் பழகிய சக்கரத்தைத் தன் விலாவுக்குப் பக்கத்தில் முதன்முதலாகப் பார்த்தது. அடுத்த நொடி அதைப் பிடிக்க எதுவும் இல்லை. வேலியில் மோதி ஒரு ஏர்க்கால் முறிந்தது, பின்னங்கால் மூட்டில் ஆழமான காயம் ஏற்பட்டது. காயம் ஆறியது, ஆனால் அந்தக் குதிரை மறுபடி வண்டிக்கு வரவேயில்லை. மறுபக்கம் நின்றிருந்த நான் "நிறுத்து" என்று சொல்ல ஒரு நொடி தாமதித்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த வரிசையை நான் ஒவ்வொரு புதியவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பூட்டும்போது கடிவாளமும் ஓட்டும் வார்களும் முதலில். ஒருவர் குதிரையின் தலைப்பக்கம் நிற்க வேண்டும். குதிரையைப் பின்னுக்குத் தள்ளி ஏர்க்காலுக்குள் நுழைக்காமல், வண்டியைத்தான் பின்னாலிருந்து குதிரையிடம் கொண்டுவர வேண்டும். பிறகு இழுவை வார்கள், அதன் பின் பின்தொடைப் பட்டை, வயிற்றுப் பட்டை. அவிழ்க்கும்போது இது அப்படியே தலைகீழாகும்: வயிற்றுப் பட்டை, பின்தொடைப் பட்டை, இழுவை வார்கள், பிறகு வண்டியைப் பின்னுக்கு இழுத்து அகற்றுவது, வண்டி முற்றிலும் விலகிய பிறகே கடிவாளம். பூட்டிய குதிரையைக் கம்பத்தில் கட்டிவைத்துவிட்டு அகலவும் கூடாது. ஓட்டுநர் வார்களைக் கையில் பிடித்தபடி முதலில் ஏறி, எல்லாரும் இறங்கிய பின் கடைசியில் இறங்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிவிட்டு அப்புறம் தாம் ஏறுவது பாசமாகத் தோன்றினாலும் ஆபத்தானது.

நமது வெப்பத்தைப் பற்றிய தவறுகள் தனி வகை. குளிர்நாட்டுப் பயிற்சி முறைகளைப் படித்துவிட்டு அதே கால அளவை இங்கே பின்பற்றுகிறார்கள். குதிரையும் நம்மைப் போல வியர்வையால்தான் உடலைத் தணிக்கிறது. நம் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துபோகிறது, வெப்பம் உள்ளேயே தங்குகிறது. வெப்பமண்டலத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடுவதும் உண்டு. வேலை செய்த பிறகும் உடம்பு உலர்ந்திருந்து மூச்சு வேகமாக வாங்கினால், அதைத் திடமான குதிரை என்று பாராட்டாமல் மருத்துவரை அழையுங்கள். குதிரையின் உடல் வெப்பம் ஓய்வில் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44. மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். வேலைக்குப் பின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினாலோ, அரை மணி நேரம் கழித்தும் துடிப்பு 60க்குக் கீழே இறங்காவிட்டாலோ, அன்றைய வேலை அளவுக்கு மீறியது என்று பொருள்.

சூடாக இருக்கும் குதிரை மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சிலர் இன்றும் தடுப்பார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெப்பத்தைக் கருதி நடந்த ஆய்வுகள், குளிர்ந்த நீரை உடம்பு முழுவதும் தொடர்ந்து ஊற்றுவது பாதுகாப்பானது, அதுவே விரைவாகத் தணிக்கிறது என்று காட்டின. வாளி வாளியாக ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள், வியர்வையில் இழந்த உப்பையும் ஈடுசெய்யுங்கள்.

காலை நேரம்தான் ஏற்றது. அதிலும் ஒரு கவனம் வேண்டும்: ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் அடிக்கும். இடி கேட்ட பிறகு அவிழ்க்கத் தொடங்குவது தாமதம். மேற்கு வானம் கறுத்தாலே அவிழ்த்துவிட வேண்டும். தேசிய தினத்திற்கு முந்தைய வாரங்களில் ஒத்திகை விமானங்கள் பறக்கும்போது புதிய குதிரையை முதன்முதலாகப் பூட்டுவதையும் தவிர்க்கலாம். வளாகத்தில் சாந்தமாக ஓடிவிட்டது என்பதற்காகப் பொதுச்சாலையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். லாரியும் உணவு விநியோக மின்சைக்கிளும் பின்னாலிருந்து முந்தும் இடம் கற்றுக்கொள்ளும் குதிரைக்கு உரியதன்று.

முதல் முறை வண்டியோடு நடக்கும் நாளில் பத்து நிமிடம் போதும், அதுவும் நடை மட்டும், வண்டியில் ஆள் ஏறாமல், இரு பக்கமும் இருவர் கயிற்றோடு வர. அவிழ்த்துக் குளிப்பாட்டிய பிறகு மார்புப் பட்டை இருந்த இடத்தையும், முதுகில் பட்டை படிந்த இடத்தையும், வாலின் அடியையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மயிர் எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தாலோ, தொட்டதும் தோல் துடித்தாலோ, அந்த இடம் முற்றிலும் சரியாகும் வரை மறுபடி பட்டை ஏற வேண்டாம். அந்த நாள்களில் நீள வாரில் நடத்திக்கொண்டிருக்கலாம்.