வீட்டுக்கு வரும் செவிலியரிடம் நோயாளியை ஒப்படைக்கும் முறை

பக்கவாதத்தாலோ இடுப்பு எலும்பு முறிவாலோ படுக்கையில் இருப்பவரைக் கவனிக்க ஏஜென்சி மூலம் ஆள் அமர்த்துவோர், வருபவர் செவிலியரா உதவியாளரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் இருவருமே ‘ஹோம் நர்ஸ்’தான். குளிப்பாட்டவும், ஊட்டிவிடவும், டயப்பர் மாற்றவும் பழகிய உதவியாளர் போதும். ஊசி போடுவது, உணவு செலுத்தும் மூக்குக் குழாயை மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவற்றையோ ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு) அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவரிடமே விட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதல் நாளே டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஒவ்வாத மருந்துகளின் பெயர்கள், குழாய் பொருத்திய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மருத்துவமனையில் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிய பிறகும் பழைய அட்டைகள் டப்பாவிலேயே கிடந்தால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. ஆகவே நிறுத்திய மருந்துகளை அவர் வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டியது படுக்கைப் புண். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஏர் பெட் (காற்று மெத்தை) வாங்கிவிட்டோமே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். புரட்டுவதற்கு அது மாற்றாகாது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவது கேடு.

குழாய் வழியே உணவு செலுத்தும்போதும் அதன்பின் குறைந்தது அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். சிறுநீர்க் குழாயோடு இணைத்த பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும்.

இரவெல்லாம் எழுந்து புரட்டுபவர் பகலில் தூங்காமல் வேலை பார்க்க முடியாது. 24 மணி நேரப் பணியென்றால், அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்பதையும், சாப்பாடு, வார விடுப்பு ஆகியவற்றையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். ஆள் அமர்த்த வசதியில்லாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே இலவசமாக அளிக்கப்படுகின்றன.