‘ஃப்ளாஷ்’ தொடரை மறுபடி முழுதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 அக்டோபரில் தொடங்கி 2023 மே மாதம் முடிந்த ‘தி ஃப்ளாஷ்’ என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ தொடரில் 9 சீசன், 184 எபிசோட். ஒன்றுக்கு 42 நிமிடம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 130 மணி நேரம். இவ்வளவு நேரத்தைக் கொடுக்கத் தயாராக உட்காருபவருக்கு அந்தத் தொடர்மேல் பிரியம் இல்லாமல் இருக்காது. ஆனாலும் பலர் மூன்றாவது, நான்காவது சீசனிலேயே சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். வாரம் ஒன்றாக, பக்கத்துத் தொடர்களோடு கைகோத்து வந்த கதையை ஒரே மூச்சில், தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். (கதை தெரிந்தவர்களுக்காக எழுதுவதால் முடிவுகளை மறைக்கவில்லை.)

முதல் தவறு, கிராஸ்ஓவர்களை, அதாவது ஒரே கதை பல தொடர்களில் பாகம் பாகமாக ஓடும் எபிசோட்களை, விட்டுவிடுவது. எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். அதை நம்பினால் நான்காவது சீசனின் 8ஆவது எபிசோடில் திகைத்துப் போவீர்கள். அது நான்கு பாகக் கதையின் மூன்றாவது பாகம். முதல் பாகம் ‘சூப்பர்கேர்ள்’ மூன்றாவது சீசனின் 8ஆவது எபிசோட், இரண்டாவது ‘ஆரோ’ ஆறாவது சீசனின் 8, நான்காவது ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ மூன்றாவது சீசனின் 8. ஃப்ளாஷாக இருக்கும் பாரியும் அவன் காதலி ஐரிஸும் மணமேடையில் நிற்பது ‘சூப்பர்கேர்ள்’ எபிசோடில். தடைபட்ட அந்தக் கல்யாணம் கடைசியில் நடந்து முடிவது ‘லெஜண்ட்ஸ்’ எபிசோடில். ‘லெஜண்ட்ஸ்’ குழுவில் இருக்கும் பேராசிரியர் ஸ்டீன் இறப்பதும் அங்கேதான். ‘ஃப்ளாஷ்’ மட்டும் பார்த்தால் கதாநாயகனின் கல்யாணத்தையே தவறவிடுவீர்கள்!

2019 டிசம்பரில் தொடங்கிய ‘கிரைசிஸ்’ என்ற கிராஸ்ஓவர் கதைக்கும் இதே கவனம் வேண்டும். ‘சூப்பர்கேர்ள்’, ‘பேட்வுமன்’, ‘ஃப்ளாஷ்’, ‘ஆரோ’, ‘லெஜண்ட்ஸ்’ என்ற வரிசையில் ஐந்து பாகங்களையும் பாருங்கள். அதற்காக ‘ஆரோ’வின் 170 எபிசோடையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்றால், தேவையில்லை. எல்லாத் தொடர்களையும் ஒளிபரப்பான தேதிப்படி பார்க்கும் பட்டியல்கள் சுற்றுகின்றன. முதல் முறை பார்க்கிறவருக்கு அவை நல்லவைதான். மறுபடி பார்க்கும்போது கிராஸ்ஓவர் பாகங்கள் மட்டும் போதும்.

அடுத்தது வேகம். ஆரம்ப சீசன்கள் ஒவ்வொன்றிலும் 23 எபிசோட். அக்டோபரில் தொடங்கி மே வரை, நடுவில் டிசம்பர் இடைவெளியோடு வந்தவை. ஒரு வாரம் கழித்து வருகிறவருக்கு நினைவூட்டத்தான் அதே தயக்கம், அதே சமாதானப் பேச்சு, ஆய்வுக்கூடத்தில் யாராவது பாரியைத் தேற்றும் அதே காட்சி. ஒரே நாளில் ஆறு எபிசோட் ஓட்டினால் அது ஆறு முறையும் காதில் விழும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு இரண்டு போதும். டிசம்பரில் இடைவெளி விட்ட இடத்தில் நீங்களும் சில நாள் விடுங்கள். முதல் சீசனில் அது 9ஆவது எபிசோட்; பாரிக்கு வழிகாட்டும் விஞ்ஞானி வெல்ஸின் ரகசிய அறையில் வில்லனின் மஞ்சள் உடை தெரியும் அந்த முடிவை ஆறப்போட்டு யோசிக்க வேண்டும்.

ஆறாவது சீசனில் மட்டும் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். கொரோனாவால் படப்பிடிப்பு நின்று 22க்குப் பதில் 19 எபிசோடோடு முடிந்த சீசன் அது. மிச்சக் கதை ஏழாவது சீசனின் முதல் மூன்று எபிசோடில் இருக்கிறது. அதனால் 19ஐப் பார்த்துவிட்டு ‘என்ன இது, அரைகுறையாக முடித்துவிட்டார்கள்’ என்று மூடி வைக்காதீர்கள். அந்த மூன்றையும் பார்த்த பிறகு ஓய்வெடுங்கள்.

ரேட்டிங் பார்த்து எபிசோட்களைத் தள்ளுவதும் வேண்டாம். மூன்றாவது சீசனின் இசை எபிசோட் பலருக்குப் பிடிக்காது. ஆனால் உடைந்திருந்த பாரி-ஐரிஸ் நிச்சயதார்த்தம் மறுபடி கூடுவது அதன் முடிவில்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று: ‘வில்லன் யார் என்றுதான் தெரியுமே’ என்று முதல் சீசனை வேகமாகத் தாண்டுவது. தெரிந்து பார்ப்பதற்காகவே எழுதியது போன்ற சீசன் அது. வெல்ஸாக வரும் டாம் கவனா ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு ஆட்களாக நடிக்கிறார். பாரியை உற்சாகப்படுத்தும் பாசமும் பொய்யில்லை, அவனைப் பயன்படுத்தும் கணக்கும் பொய்யில்லை. 15ஆவது எபிசோடில் ஆய்வுக்கூடத்தில் தன்னோடு வேலை செய்யும் சிஸ்கோவை மகன் போல என்று சொல்லிவிட்டு அவனைக் கொல்கிறாரே, அந்தக் குரலில் உண்மையான துக்கம் இருக்கிறது. அது தெரிந்தபின் முந்தைய 14 எபிசோடிலும் சிஸ்கோவை அவர் பார்க்கும் பார்வையே வேறாகத் தெரியும். முதல் எபிசோடின் கடைசியில் வரும் செய்தித்தாளையும் கவனியுங்கள். ஃப்ளாஷ் மறைந்துவிட்டதாகச் சொல்லும் அதன் தேதி 2024 ஏப்ரல் 25. ஐந்தாவது சீசன் முடிவில் அது 2019 டிசம்பர் 10 ஆக மாறுகிறது. ‘கிரைசிஸ்’ கதையின் ‘ஃப்ளாஷ்’ பாகம் நிஜமாகவே ஒளிபரப்பான நாள்!

1990இல் வந்த பழைய ‘ஃப்ளாஷ்’ தொடரைத் தொடாமலே இருப்பதும் இழப்புதான். ஒரே ஒரு சீசன். அதில் பாரியாக நடித்த ஜான் வெஸ்லி ஷிப்தான் இதில் பாரியின் அப்பா. பழைய தொடரில் டிரிக்ஸ்டர் என்ற வில்லனாக வந்த மார்க் ஹாமில் இங்கேயும் டிரிக்ஸ்டராகவே வருகிறார். அப்புறம் ‘கிரைசிஸ்’ மூன்றாவது பாகத்தில் அந்தப் பழைய ஃப்ளாஷ் பாரிக்காக உயிரைக் கொடுக்கிறார். பழைய தொடரின் இரண்டு மூன்று எபிசோடையாவது பார்த்திருந்தால், அந்த இடத்தில் யார் போகிறார் என்பது உங்களுக்கு முழுதாகப் புரியும்.