திருத்திக் கொடுத்த பிறகும் எழுத ஆசை இருக்க வேண்டும்

இளம் நிருபர்கள் எழுதித் தரும் செய்திகளைத் திருத்துவது என் வேலை. நான் சொல்கிற இரண்டு வாக்கியத்தில் ஒருவருக்கு எழுத்து மேல் பிடிப்பு வரவும் செய்யும், விட்டுப் போகவும் செய்யும். அதனால் இதில் நான் ரொம்பக் கறார்.

ஆளை விட்டுவிடுங்கள், எழுத்தைப் பற்றிப் பேசுங்கள். 'உனக்குக் கவனமே இல்லை' என்றால் அவர் எதைத் திருத்துவார்? 'எத்தனை பேருக்குக் காயம் என்பது நான்காவது பத்தியில் கிடக்கிறது, முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்' என்றால் உடனே வேலையைத் தொடங்கிவிடுவார். குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள், ஒருவர் வேலையைப் பற்றிக் கருத்து சொல்வதால் என்ன ஆகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்டார்கள். கருத்து சொல்வது பொதுவாகப் பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முறை அதனால் வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பினால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம். நான் தினமும் பார்ப்பதும் அதுதான்.

பாராட்டும் அப்படித்தான். 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'அந்தப் பாட்டி பேசியதை மெருகேற்றாமல் அப்படியே விட்டீர்களே, செய்திக்கு உயிர் வந்ததே அங்கேதான்' என்று சொல்லுங்கள். அடுத்த செய்தியிலும் அதைச் செய்வார்.

பத்துக் குறை இருந்தாலும் பெரியதாக ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். சந்திப் பிழைகளைக் குறித்துக் கொடுத்தால் போதும், அதற்கெல்லாம் பேச்சு வேண்டாம். மதிப்பெண்ணும் போடாதீர்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் திறனும் கூடின. அதே குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் இல்லை.

குறை சொல்வதாக இருந்தால் தனியாக, அன்றைக்கே. பக்கம் முடிக்கும் அவசரமா? சரி, நீங்களே திருத்தி அனுப்பிவிட்டு அப்புறம் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பேசி முடித்ததும் 'முதலில் எதை மாற்றப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். நீங்கள் நினைத்ததை விட்டு வேறெதையோ சொன்னால், பிரதியை நடுவில் வைத்து அந்த வரியைக் காட்டி மறுபடி விளக்குங்கள். அவர் மாற்றி எழுதிக் கொண்டுவந்ததும் தள்ளிப்போடாமல் படித்து, எந்த வரி இப்போது சரியாக வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.